பார்சிலோனா, ரியல் மாட்ரிட் இரண்டுக்கும் ஆடியவர்களில் ஃபிகோ மட்டும் ஏன் துரோகி?

மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் கேட்டிருப்பது ஒரு பெயர்ப் பட்டியல். பார்சிலோனா, ரியல் மாட்ரிட் இரண்டுக்கும் ஆடியவர்கள் யார் யார், அதில் ரியல் மாட்ரிட்டின் பழம்பெரும் நாயகன் டி ஸ்டெஃபானோவைச் சேர்க்கலாமா என்று நண்பரோடு வாக்குவாதம் என்கிறீர்கள். ஆனால் உங்கள் மனதில் உறுத்துவது கடைசி வரிதான்: பிரேசிலின் ரொனால்டோவும் இரண்டு பக்கமும் ஆடியிருக்கிறார், அவரை யாரும் ஒன்றும் சொல்வதில்லை, 2000இல் பார்சிலோனாவிலிருந்து நேராக மாட்ரிட் போன ஃபிகோவை மட்டும் ஏன் இன்றுவரை மன்னிக்கவில்லை? அதற்குத்தான் முதலில் பதில் சொல்லப் போகிறேன். பட்டியல் வழியிலேயே வந்துவிடும். டி ஸ்டெஃபானோவைக் கடைசிக்கு வைத்துக்கொள்வோம்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் விளையாட்டுப் பக்கத்தில் வேலை பார்த்தவன் நான். ஐரோப்பிய டிரான்ஸ்ஃபர் செய்திகளைத் தமிழில் எழுதுவதே அன்றாட வேலையாக இருந்த காலம் உண்டு. பார்சிலோனாவின் கேம்ப் நோ அரங்கில் உட்கார்ந்து, இந்த இரு அணிகளும் மோதும் கிளாசிகோவைப் பார்த்தவன் அல்ல. ஆட்டப் பதிவுகளும் அந்தந்த நாள் செய்திகளும் வீரர்கள் பின்னாளில் கொடுத்த பேட்டிகளும்தான் என் ஆதாரம். ஆகவே மைதானத்தில் நடந்ததை உறுதியாகச் சொல்வேன். மூடிய அறைக்குள் யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்பது வேறு சங்கதி.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடலாம். இந்த இரண்டு அணிகளுக்கும் ஆடுவது அபூர்வம் என்று பலர் நினைக்கிறார்கள். நூறு ஆண்டுக்கும் மேலான வரலாற்றில் முப்பது பேருக்கு மேல் அப்படி ஆடியிருக்கிறார்கள். 1920களில் பார்சிலோனாவின் செல்லப்பிள்ளையாக இருந்த சாமித்தியேர் 1933இல் மாட்ரிட் போனார். கோல்கீப்பர் ரிக்கார்டோ ஸமோரா பார்சிலோனாவில் ஆடிவிட்டு, எஸ்பான்யோல் வழியாக மாட்ரிட் சேர்ந்தார். பிரேசில்காரரான எவரிஸ்டோவின் கதை இன்னும் வியப்பானது. முதல் ஐந்து ஐரோப்பியக் கோப்பைகளையும் (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) வரிசையாக வென்ற ரியல் மாட்ரிட்டை 1960 நவம்பரில் முதன்முறையாக அந்தப் போட்டியிலிருந்து வெளியேற்றியது பார்சிலோனா. அதில் பாய்ந்து விழுந்து தலையால் கோல் அடித்தவர் எவரிஸ்டோ. இரண்டே ஆண்டில் அவர் ரியல் மாட்ரிட் ஜெர்சியில் நின்றார். ஷுஸ்டர், ஹாஜி, புரொசினெச்கி, லோபெத்தெகி, செலாதெஸ், சவியோலா, எட்டோ என்று பட்டியல் நீளும். பின்னாளில் ஃபிகோவை நோக்கிப் பன்றித் தலை வந்து விழுந்ததுபோல இவர்களில் யாருக்கும் நடக்கவில்லை.

2000ஆம் ஆண்டு அக்டோபர் 21. அந்த ஒரே இரவில் உங்கள் கேள்விக்கான பாதி விடை இருக்கிறது. ரியல் மாட்ரிட் வீரராக ஃபிகோ முதல்முறை கேம்ப் நோவுக்குத் திரும்பிய ஆட்டம். அவர் காலில் பந்து பட்டபோதெல்லாம் காது பிளக்கும் கண்டன விசில், வசை. மைதானத்தின் ஓரத்தில் தொலைபேசி, நாணயம் என்று கண்டதும் வந்து விழ, வழக்கமாகத் தான் எடுக்கும் கார்னர்களை அன்றைக்கு அவர் எடுக்கவே இல்லை. பார்சிலோனா 2–0 என்று வென்றது. முதல் கோல் அடித்தவர் யார் தெரியுமா? லூயிஸ் என்ரிக்கே. 1991 முதல் 1996 வரை ஐந்து ஆண்டு ரியல் மாட்ரிட்டுக்கு ஆடிவிட்டு, நேராகப் பார்சிலோனாவுக்கு வந்தவர். பார்சிலோனா ஜெர்சியைப் பிடித்து இழுத்துக் காட்டி அவர் கொண்டாட, அரங்கமே எழுந்து நின்றது. ஆக, அதே களத்தில் நின்ற இந்த இருவரும் கரை மாறியவர்கள். ஒருவர் துரோகி, இன்னொருவர் நாயகன். கரை மாறியதுதான் குற்றம் என்றால் இந்த வித்தியாசம் வரவே கூடாது.

சரி, உள்ளே வந்தவனைக் கொண்டாடுவார்கள், வெளியே போனவனைத் திட்டுவார்கள், இதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அதுவும் முழு விடை இல்லை. மைக்கேல் லாட்ரப்பைப் பாருங்கள். க்ரைஃப் பயிற்றுவித்த பார்சிலோனா 1991 முதல் 1994 வரை தொடர்ந்து நான்கு லீக் பட்டங்களை வென்றதில் அவர் பங்கு பெரியது. 1994 ஜனவரியில் ரியல் மாட்ரிட்டை 5–0 என்று நொறுக்கிய பார்சிலோனா அணியில் அவர் ஆடினார். அதே ஆண்டு கோடையில் மாட்ரிட் போய்ச் சேர்ந்தார். 1995 ஜனவரியில் ரியல் மாட்ரிட் அதே 5–0 கணக்கைத் திருப்பிக் கொடுத்தபோது வென்ற பக்கத்தில் நின்றார், அந்த ஆண்டு லீக் பட்டத்தையும் வென்றார். இரண்டு அணிகளில் தொடர்ந்து ஐந்து பட்டம். (அந்த இரண்டாவது 5–0 ஆட்டத்தில் மாட்ரிட்டுக்காக ஒரு கோல் அடித்தவர் அதே லூயிஸ் என்ரிக்கே. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு தீர்வதில்லை.) ரசிகனைக் காயப்படுத்தியது என்று கணக்குப் பார்த்தால் லாட்ரப் ஃபிகோவுக்குக் குறைந்தவர் இல்லை. கேம்ப் நோவில் அவருக்கும் விசில் கிடைத்தது. ஆனால் அந்தக் கோபம் ஆறிவிட்டது. இன்று அங்கே அவர் பெயரைச் சொன்னால் மரியாதையும் ஏக்கமும்தான் வருகிறது.

ஏன்? லாட்ரப்பைப் பார்சிலோனா ஏற்கெனவே கைவிட்டிருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். அன்று ஓர் ஆட்டத்தில் மூன்று வெளிநாட்டவர்தான் களமிறங்கலாம். ரொமாரியோ, ஸ்டாய்ச்கோவ், கூமன், லாட்ரப் என்று நான்கு பேர் இருந்ததால் ஒருவர் வெளியே உட்கார வேண்டும். 1994 மே மாதம் ஏதென்ஸில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் அப்படி வெளியே உட்கார வைக்கப்பட்டவர் லாட்ரப். மிலானிடம் பார்சிலோனா 0–4 என்று தோற்றது. ஒப்பந்தமும் முடிந்திருந்தது, கோச்சுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. அனுப்பிவிட்டவனைப் போய்விட்டான் என்று நெடுநாள் திட்ட முடியாது.

ஷுஸ்டர் விஷயமும் இதேதான். 1986 ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் தன்னை மாற்றியதும் கோபித்துக்கொண்டு மைதானத்தை விட்டே போனார். அடுத்த சீசன் முழுக்க ஆட்டமில்லாமல் உட்கார வைக்கப்பட்டார். 1988இல் அவர் மாட்ரிட் போனபோது உறவு முறிந்து வெகுநாள் ஆகியிருந்தது. லூயிஸ் என்ரிக்கேவையும் மாட்ரிட் ரசிகர்கள் கடைசிக் காலத்தில் அன்பாக நடத்தவில்லை. ஒப்பந்தம் முடிந்தது, கிளம்பினார். சவியோலா 2007இல் போனதும் அப்படித்தான், பார்சிலோனா அவரைத் தக்கவைக்கவே முயலவில்லை. இரு அணிகளுக்கிடையே நேரடியாக நடந்த கடைசி மாற்றமும் அதுவே. எட்டோ இளம் வயதில் மாட்ரிட்டில் ஒப்பந்தமானவர், வாய்ப்பே கிடைக்காமல் மயோர்காவில் வளர்ந்து 2004இல் பார்சிலோனா வந்தவர். நீங்கள் கேட்ட ரொனால்டோ 1996–97 என்ற ஒரே ஒரு சீசன் பார்சிலோனாவில் ஆடினார். 49 ஆட்டங்களில் 47 கோல். கண் மூடித் திறப்பதற்குள் இன்டர் போய்விட்டார். அங்கே முழங்கால் காயத்தோடு போராடி, 2002இல் உலகக் கோப்பையை வென்றபிறகுதான் மாட்ரிட் வந்தார். இடையில் ஐந்து ஆண்டும் இன்னொரு நாடும் இருந்தன. அவ்வளவு தூரம் சுற்றி வந்தவரைப் பார்சிலோனாக்காரர்கள் தங்களிடமிருந்து பறிபோனவராகவே நினைக்கவில்லை.

ஃபிகோ விஷயத்தில் இவை எதுவும் இல்லை. 1995 முதல் ஐந்து ஆண்டு பார்சிலோனாவில், ஆட்டத்தின் உச்சத்தில், துணை கேப்டனாக, பார்சிலோனா இருக்கும் கட்டலோனியா வட்டாரத்தின் கட்டலான் ரசிகர்கள் தங்கள் ஊர்ப் பிள்ளையாகவே வரித்துக்கொண்ட போர்ச்சுகல்காரர். 2000 ஜூலையில் மாட்ரிட்டில் தலைவர் தேர்தல். இந்த கிளப்புகள் உறுப்பினர்களுக்குச் சொந்தம், தலைவரை அவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். மூன்று ஆண்டுக்குள் இரண்டு ஐரோப்பியக் கோப்பை வென்ற லொரென்ஸோ சான்ஸை எதிர்த்து நின்ற ஃப்ளொரென்டினோ பெரெஸ் ஒரு வாக்குறுதி கொடுத்தார்: நான் ஜெயித்தால் ஃபிகோ வருவார், வராவிட்டால் உறுப்பினர்களின் சீசன் டிக்கெட் பணத்தை நானே கட்டுகிறேன். ஃபிகோவோ ஒரு கட்டலான் நாளிதழிடம் பார்சிலோனாவிலேயே இருப்பேன் என்று சொல்லியிருந்தார். ஜூலை 16ஆம் தேதி பெரெஸ் ஜெயித்தார். 24ஆம் தேதி ஃபிகோ மாட்ரிட்டில் வெள்ளை ஜெர்சியோடு நின்றார்.

இங்கே சட்டத்தைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும், ஏனென்றால் கோபத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஸ்பெயினில் 1985ஆம் ஆண்டு அரசாணைப்படி, தொழில்முறை விளையாட்டு வீரர் இழப்பீடு கொடுத்துவிட்டு ஒப்பந்தத்தை ஒருதலையாக முறித்துக்கொள்ளலாம். அந்தத் தொகையை முன்கூட்டியே ஒப்பந்தத்தில் எழுதி வைப்பார்கள். யாராலும் கட்ட முடியாத தொகையைப் போட்டுவிட்டால் வீரன் பத்திரமாக இருப்பான் என்பது கிளப்பின் கணக்கு. ஃபிகோவுக்குப் போட்டிருந்தது 1,000 கோடி பெசெட்டா, ஏறத்தாழ 6 கோடி யூரோ. அதுவரை உலகில் எந்த வீரருக்கும் அவ்வளவு கொடுத்ததில்லை. பெரெஸ் அதைக் கொடுத்தார். பார்சிலோனாவிடம் விற்கிறாயா என்று யாரும் கேட்கத் தேவையே இல்லை. மாட்டேன் என்று சொல்ல அதற்கு வழியும் இல்லை. கிளப்பின் கையெழுத்து இல்லாமல் நடந்த பிரிவு என்பதால் பழி முழுக்க ஒரே ஆள் தலையில் இறங்கியது.

இதுவரை சொன்னது உறுதியானது. தேர்தலுக்கு முன்பே ஃபிகோவின் தரப்பு பெரெஸோடு ஓர் உடன்படிக்கை செய்திருந்தது, அதை மீறினால் பெரும் அபராதம் என்பதும் பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்ட செய்தி. ஆனால் பெரெஸ் தோற்றுவிடுவார் என்று நம்பித்தான் கையெழுத்துப் போட்டார்களா, பார்சிலோனாவில் சம்பளத்தைக் கூட்டுவதற்கான பேரமாகத் தொடங்கியதா, கடைசி நாள்களில் பார்சிலோனா நிர்வாகம் அந்த அபராதத்தைத் தானே ஏற்று அவரைத் தக்கவைத்திருக்க முடியுமா என்பதிலெல்லாம் சம்பந்தப்பட்டவர்களே ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். இதில் ஒரு கதையை மட்டும் எடுத்துக்கொண்டு அடித்துச் சொல்பவர்களை நம்பாதீர்கள். என் சொந்தக் கணிப்பைக் கேட்டால், தன்னை அங்கே குறைத்து மதிக்கிறார்கள் என்று ஃபிகோ உண்மையாகவே நினைத்தார். பேரம் கைமீறிப் போனது.

பன்றித் தலை விழுந்தது 2002 நவம்பர் 23ஆம் தேதி. இந்த முறை ஃபிகோ கார்னர் எடுக்க வந்தார். பதிவைப் பார்த்தால் தெரியும்: பந்தை வைக்கிறார், கையில் கிடைத்ததெல்லாம் வந்து விழுகிறது, குனிந்து ஒரு பாட்டிலை எடுத்து அப்பால் போடுகிறார், சிரிப்பது போல ஒரு முகம், மறுபடியும் பந்தைச் சரிசெய்கிறார். அவர் அவசரப்படவே இல்லை. நடுவர் ஆட்டத்தை நிறுத்தி இரு அணிகளையும் உள்ளே அழைத்துக்கொண்டு போக, திரும்பி வரக் கால்மணி நேரத்துக்கு அருகில் ஆனது. விஸ்கி பாட்டிலும் பன்றித் தலையும் புல்தரையில் கிடக்கும் படங்கள் மறுநாள் உலகம் முழுக்கப் போயின. ஆட்டம் 0–0. அந்தத் தலையை எறிந்தவர் இன்னார் என்று இணையத்தில் பெயர் சொல்லிச் சுற்றும் கதைகளை நான் ஏற்பதில்லை. ஒரு மனிதனை அவ்வளவு நேசித்துவிட்டு அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்த கூட்டத்தைப் பார்க்க எனக்கு இன்றும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

கிளப்பே விற்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதற்கு இத்தாலியில் ஒரு சான்று இருக்கிறது. 1990 மே மாதம் யூஃபா கோப்பை இறுதி ஆட்டத்தில் ஃபியோரென்டினாவை யுவென்டஸ் வென்றது. அடுத்த ஓரிரு நாளில் ஃபியோரென்டினாவின் கண்மணி ரொபெர்டோ பாஜ்ஜியோ அதே யுவென்டஸுக்கு விற்கப்பட்டார் என்ற செய்தி வந்தது. அதுவும் உலகச் சாதனைத் தொகைதான். ஃப்ளாரன்ஸ் நகரில் கலவரமே வெடித்தது, பலர் காயமடைந்தார்கள். ஆனால் மக்களின் சீற்றம் திரும்பியது விற்ற உரிமையாளர் குடும்பத்தின் மேல். 1991 ஏப்ரலில் யுவென்டஸ் ஜெர்சியில் ஃப்ளாரன்ஸுக்கு வந்த பாஜ்ஜியோ, தன் அணிக்குக் கிடைத்த பெனால்டியை அடிக்க மறுத்தார். ஃபியோரென்டினா கோல்கீப்பருக்குத் தன் உதை நன்றாகத் தெரியும் என்பது அவர் சொன்ன காரணம். அடித்த வேறொருவரின் உதை தடுக்கப்பட்டது, யுவென்டஸ் தோற்றது. அவரை மாற்றி வெளியே அழைத்தபோது, ரசிகர் ஒருவர் வீசிய ஊதாத் துண்டைக் குனிந்து எடுத்துக்கொண்டு நடந்தார். ஊதா ஃபியோரென்டினாவின் நிறம். யுவென்டஸ் ரசிகர்களுக்கு அது பிடிக்கவில்லை, ஃப்ளாரன்ஸ் அதை இன்றும் மறக்கவில்லை. பின்னாளில் மிலான், இன்டர் இரண்டிலும் அவர் ஆடினார். அதற்காக யாரும் தெருவில் இறங்கவில்லை.

மிலான் நகரமே ஒரு தனி வழக்கு. மெயாஸ்ஸா, வியேரி, பிர்லோ, சேடோர்ஃப், இப்ராகிமோவிச் என்று இரு அணிக்கும் ஆடியவர்கள் அங்கே ஏராளம். இரண்டும் ஒரே மைதானத்தில் ஆடுகின்றன. அந்த மைதானத்துக்கே 1980இல் இன்டரின் பெருமைமிகு வீரர் மெயாஸ்ஸாவின் பெயரைத்தான் வைத்தார்கள், அவரும் இரண்டு சீசன் மிலானுக்கு ஆடியவர். பார்சிலோனா–மாட்ரிட் பகைக்குப் பின்னால் இருக்கும் மொழி, அரசு, உள்நாட்டுப் போரின் நினைவு எதுவும் இங்கே இல்லை. 2021இல் சால்ஹனோலு மிலானிலிருந்து நேராக இன்டர் போனபோது விசில் சத்தம் பலமாகவே கேட்டது, ஆனால் அது ஆட்ட நாள் கோபம்.

பகை மதத்தோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ: அங்கே செல்டிக் கத்தோலிக்கர்களின் அணி, ரேஞ்சர்ஸ் புராட்டஸ்டன்டுகளின் அணி. கத்தோலிக்கரான மோ ஜான்ஸ்டன் செல்டிக்கில் ஆடிவிட்டு பிரான்ஸின் நான்ட் அணிக்குப் போயிருந்தார். 1989 மே மாதம் செல்டிக் ஜெர்சியோடு பத்திரிகையாளர் முன் நின்று, திரும்பி வருகிறேன் என்று அறிவித்தார். ஜூலையில் ரேஞ்சர்ஸில் கையெழுத்துப் போட்டார். பல பத்தாண்டுகளாகக் கத்தோலிக்கர்களைத் தவிர்த்து வந்த கிளப் அது. செல்டிக் ரசிகர்கள் யூதாஸ் என்றார்கள். ரேஞ்சர்ஸ் ரசிகர்களில் ஒரு பகுதியினர் தங்கள் துண்டுகளையே கொளுத்தினார்கள். நவம்பரில் செல்டிக்குக்கு எதிராகக் கடைசி நிமிடங்களில் அவர் அடித்த ஒரே கோலில் ரேஞ்சர்ஸ் வென்றது. இரு பக்கமும் ஒருசேர வெறுத்த வீரர் அவர் ஒருவராகத்தான் இருக்கும். ஃபிகோவைப் போலவே இங்கும் புண்பட்டது கொடுத்த வாக்கு. டாட்டன்ஹாம் கேப்டன் சோல் கேம்ப்பெல் 2001இல் ஒப்பந்தம் முடிந்து, டிரான்ஸ்ஃபர் தொகையே இல்லாமல் பரம வைரியான ஆர்சனலுக்குக் கைமாறியதும் இந்த வகைதான். அவருடைய பழைய அணிக்குப் பணமும் மிஞ்சவில்லை.

மான்செஸ்டரில் ஒரு கட்டுக்கதையைத் திருத்த வேண்டும், உங்கள் நண்பர் அதையும் சொல்லக்கூடும். 1974 ஏப்ரலில் சிட்டிக்காக ஆடிய டெனிஸ் லா, தன் பழைய அணியான யுனைடெட்டுக்கு எதிராகக் குதிகாலால் கோல் அடித்து அதைக் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளினார் என்பார்கள். கோல் உண்மை. கொண்டாடாமல் தலைகுனிந்து அவர் வெளியேறியதும் உண்மை. ஆனால் அன்று பர்மிங்காம் வென்றுவிட்டதால், லா கோல் அடிக்காவிட்டாலும் யுனைடெட் கீழே இறங்கியிருக்கும். லிவர்பூலுக்கும் யுனைடெட்டுக்கும் நடுவிலோ கதவே சாத்திக் கிடக்கிறது. 1964இல் ஃபில் சிஸ்னால் போனதற்குப் பிறகு நேரடி மாற்றம் இல்லை. 2007இல் ஹைன்ஸே லிவர்பூல் போகத் துடித்தபோது யுனைடெட் மறுத்து, ரியல் மாட்ரிட்டுக்கு விற்றது. இன்ஸ், ஓவன் போன்றவர்கள் வேறு அணிகள் வழியாகச் சுற்றித்தான் மறுகரை சேர்ந்தார்கள்.

இனி டி ஸ்டெஃபானோ. அர்ஜென்டினாவின் ரிவர் பிளேட் அணியிலிருந்து கொலம்பியாவின் மில்லியோனாரியோஸுக்குப் போனவர் அவர். அன்றைய கொலம்பிய லீக் உலக அமைப்பின் விதிகளுக்கு வெளியே நடந்ததால், அவர்மீது உரிமை யாருக்கு என்பதே குழப்பம். 1953இல் பார்சிலோனா ரிவர் பிளேட்டோடு பேசி முடித்தது, ரியல் மாட்ரிட் மில்லியோனாரியோஸோடு பேசி முடித்தது. அவர் பார்சிலோனா வந்து சேர்ந்து, அந்த அணிக்காகச் சில நட்பு ஆட்டங்களும் ஆடினார். ஸ்பெயின் கால்பந்துக் கூட்டமைப்பு கொடுத்த தீர்ப்பு விசித்திரமானது: நான்கு சீசனில் இரு அணிகளுக்கும் மாறி மாறி ஆட வேண்டும். பார்சிலோனா தன் பங்கை விட்டுக்கொடுத்தது, அதன் தலைவர் பதவி விலகினார். அன்றைய சர்வாதிகாரி பிராங்கோவின் அரசு திட்டமிட்டுப் பறித்தது என்பது பார்சிலோனாவில் பலரின் உறுதியான நம்பிக்கை. அதை நேரடியாக நிரூபிக்கும் ஆவணத்தை யாரும் காட்டவில்லை. பார்சிலோனா நிர்வாகம் பேச்சுவார்த்தையில் சறுக்கியதும் பதிவில் இருக்கிறது. வரலாற்றாய்வாளர்கள் இதில் இன்னும் ஒன்றுபடவில்லை.

உங்கள் வாக்குவாதத்துக்கு விடை: அதிகாரபூர்வ ஆட்டம் எதிலும் அவர் பார்சிலோனாவுக்கு ஆடியதில்லை, ஆகவே பட்டியலில் வரமாட்டார். நட்பு ஆட்டத்தையும் எண்ணுவோம் என்று நண்பர் பிடிவாதம் பிடித்தால் வருவார். எதை எண்ணுகிறோம் என்பதை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் 2000 ஜூலை 24ஆம் தேதி எடுத்த படத்தையும் அவரிடம் காட்டுங்கள். ஃபிகோ ரியல் மாட்ரிட் ஜெர்சியை முதன்முதலாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் நிற்கும் முதியவர் டி ஸ்டெஃபானோ.